காண்ட்ரா: மூன்று லைஃபையும் சீக்கிரம் விடவைக்கும் தவறுகள்

டிவி கேமில் கேசட்டைச் செருகியதும் வரும் நீளமான பட்டியலில், வடசென்னைப் பசங்களின் கை முதலில் தேடியது காண்ட்ராவைத்தான். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, எந்தத் தெருவில் கேட்டாலும் அதை ஆடியவர்கள் கிடைப்பார்கள். முடித்தவர்கள் குறைவு. ஓடிக்கொண்டே எதிரிகளைச் சுட்டு முன்னேறும் இந்த கேமை, கொனாமி நிறுவனம் 1987இல் ஆர்கேடுக்கும் (காசு போட்டு ஆடும் பெரிய மெஷின்), 1988இல் நின்டெண்டோவின் வீட்டுக் கன்சோலுக்கும் கொண்டுவந்தது. கஷ்டமானதுதான். ஒரு குண்டு பட்டால் ஒரு லைஃப் காலி, இருப்பதோ மூன்றே லைஃப். ஆனாலும் அந்த மூன்றையும் பெரும்பாலும் பறிப்பது நம்முடைய அவசரம்தான்.

முதல் ஸ்டேஜில் வலது பக்கத்தை அழுத்திப் பிடித்தபடி ஓடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. காண்ட்ராவில் திரை தானாக நகராது, நீங்கள் நடந்தால்தான் நகரும். நிலத்தில் பதித்திருக்கும் துப்பாக்கிகளும் புதருக்குள் இருக்கும் ஆட்களும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் இருப்பார்கள். அதனால் திரையின் வலது ஓரத்தில் துப்பாக்கியின் முனை தெரிந்ததும் நின்றுவிடுங்கள். குறுக்காகச் சுட முடியுமா, எகிறிச் சுட வேண்டுமா என்று பாருங்கள். அதை முடித்துவிட்டு இரண்டடி வையுங்கள். அதற்காக ஒரே இடத்தில் குடித்தனம் நடத்தவும் கூடாது. ஓடிவரும் சிப்பாய்கள் நிற்காமல் வந்துகொண்டே இருப்பார்கள்.

கீழ்ப் பொத்தானைப் பலர் மறந்தே போகிறார்கள். தரையில் அதை அழுத்தினால் ஆள் படுத்துக்கொள்வான், நெஞ்சுயரத்தில் வரும் குண்டு மேலே போய்விடும். தண்ணீரில் அழுத்தினால் முங்கிவிடுவான். முங்கியிருக்கும்போது குண்டு படாது, ஆனால் சுடவும் முடியாது. குண்டு தாண்டியதும் எழுந்து சுடுங்கள். ஸ்டேஜ் கடைசியில் வரும் பெரிய சுவரைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் உடைக்கப் பார்ப்பதும் வீண் வேலை. கீழே மின்னும் சிவப்பு மையம் உடைந்தால் போதும்.

துப்பாக்கி விஷயத்தில் நடக்கும் தவறுகள் தனி ரகம். ஆட்டத்தில் புதுத் துப்பாக்கிகள் ஆங்கில எழுத்து போட்ட சின்னங்களாக வந்து விழும். எந்த எழுத்து விழுந்தாலும் ஓடிப்போய் எடுப்பது கூடவே கூடாது. எஸ் கையில் இருந்தால் விசிறி மாதிரி ஐந்து குண்டுகள் பரவும். என் கணக்கில் முழு கேமுக்கும் அதுவே போதும். அதை வைத்துக்கொண்டு எஃப் எழுத்தின் மேல் ஏறினால், சுழன்று சுழன்று போகும் நெருப்பு உருண்டைதான் மிஞ்சும். வேண்டாத எழுத்தைத் தாண்டிக் குதித்துவிடுங்கள். ஆர் மட்டும் விதிவிலக்கு: அது துப்பாக்கியை மாற்றாது, இருக்கும் குண்டின் வேகத்தைக் கூட்டும். எஸ்ஸுக்குப் பிறகு ஆர் கிடைத்தால் விடாதீர்கள். எல் என்பது லேசர், நல்ல பலம் உள்ளது. ஆனால் பொத்தானைப் படபடவென்று தட்டினால், போய்க்கொண்டிருக்கும் கதிர் அறுந்து மறுபடி உங்களிடமிருந்தே கிளம்பும். எதிரியைச் சேரவே சேராது. ஒரு முறை அழுத்தி, அது போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு லைஃப் போனால் துப்பாக்கியும் போய், பழைய ஒற்றைக் குண்டுதான் கைக்கு வரும். அதனால்தான் ஒருவர் ஒரு லைஃபை விட்டதும் அடுத்தடுத்து மீதியையும் விடுகிறார்.

மூன்றாவது ஸ்டேஜான நீர்வீழ்ச்சியில் நட்பே முறிந்துவிடும். இங்கே திரை மேல்நோக்கி ஏறும், கீழே இறங்காது. ஒரு நொடி முன்பு நீங்கள் நின்றிருந்த பாறையே திரைக்கு வெளியே போயிருந்தால், அங்கே விழுந்தாலும் சாவுதான். இருவராக ஆடும்போது மேலே இருப்பவர் விறுவிறுவென்று ஏறினால், கீழே இருப்பவரைத் திரையின் அடிப்பக்கமே கொன்றுவிடும். “மச்சான், ஏறாத, நில்லுடா!” என்ற கத்தல் எழுவது இங்கேதான். ஆட்டத்தில் கெட்டிக்காரர் கீழே இருக்கட்டும். அவர்தான் வேகமாக ஏறிவந்து சேர்ந்துகொள்வார். குதித்த பிறகும் காற்றிலேயே திசையை மாற்றலாம் என்பதை நினைவில் வைத்திருந்தால் பாதி விழுகைகள் குறையும்.

இரண்டாவது, நான்காவது ஸ்டேஜ்களில் எதிரே ஓடும் மின்கம்பியில் போய் முட்டாதீர்கள். சாக மாட்டீர்கள், ஆனால் ஷாக் அடித்து உறைந்து நிற்கும் நேரத்தில் குண்டு வாங்குவீர்கள். ஆறாவதில் பீய்ச்சும் நெருப்புக்கும், ஏழாவதில் மேலிருந்து இறங்கும் கொக்கிகளுக்கும் ஒரு தாளம் உண்டு. ஒரு சுற்று நின்று பார்த்துவிட்டுக் கடந்து போங்கள்.

மூன்றுக்குப் பதில் முப்பது லைஃப் தரும் ரகசியக் கோடு எல்லோருக்கும் தெரியும், தலைப்புத் திரையில் அழுத்த வேண்டும்: மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ, பிறகு ஸ்டார்ட். இருவர் ஆடுவதாக இருந்தால் ஸ்டார்ட்டுக்கு முன் செலக்ட். 1986இல் வீட்டுக் கன்சோலுக்கு வந்த கிரேடியஸ் கேமைச் சோதித்துப் பார்க்க அது ரொம்பக் கஷ்டமாக இருந்ததால், கசுஹிசா ஹாஷிமோட்டோ என்ற கொனாமி ஊழியர் உருவாக்கியது அது. அதைப் போடுவது தவறே இல்லை. பின் ஸ்டேஜ்களைப் பார்த்துப் பழக அதைவிட நல்ல வழி கிடையாது. முதல் ஸ்டேஜில் பத்து லைஃபை அலட்சியமாக விடுவதற்கு அதை நம்புவதுதான் தவறு.

இப்போது கம்ப்யூட்டரிலோ புதிய கன்சோலிலோ ஆடுகிறவர்களுக்கு ஒன்று. நம் ஊர் டிவிக்கு ஏற்ற பழைய டிவி கேம் செட்டுகள் பெரும்பாலும் நொடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பித்தவை. அமெரிக்க, ஜப்பானிய வடிவங்கள் 60, அதாவது ஆட்டமே கொஞ்சம் வேகமாக ஓடும். அதனால் அந்தக் காலத்துக் கை நினைவோடு குதித்தால் தாமதமாகும், “கை போச்சு” என்று நொந்துகொள்ளாதீர்கள். எல்சிடி டிவியில் படம் தாமதமாக வருவதைக் குறைக்கும் ‘கேம் மோடு’ இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

பழைய செட்டையே தூசி தட்டி எடுக்கிறவர்கள், படம் வரவில்லை என்றதும் கேசட்டை வாயால் ஊதுவார்கள். எச்சில் ஈரம் செம்புப் பட்டைகளை அரிக்கும். அதிலும் காசிமேடு, ராயபுரம் பக்கம் கடற்காற்றின் உப்பே அவற்றில் பச்சை பிடிக்க வைத்திருக்கும். ஊதியதும் சில நேரம் படம் வருவது, கேசட்டைக் கழற்றி மாட்டியதால்தான். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்டு, பட்டைகளை நீளவாக்கில் தேயுங்கள். பஞ்சு கறுத்து வரும். அது வெள்ளையாகவே வரும்வரை குச்சியை மாற்றி மாற்றித் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். அடாப்டர் தொலைந்துபோய் வேறொன்றை மாட்டுவதாக இருந்தால், செட்டின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்டேஜையும், அடாப்டர் பின்னின் நடுவில் வர வேண்டியது பிளஸ்ஸா மைனஸா என்பதையும் பார்த்துவிட்டே சுவிட்சைப் போடுங்கள்.