மூடி வைத்த லேப்டாப்பில் பேட்டரி கரைகிறதா? காரணமான டிரைவரைக் கண்டுபிடிப்பது எப்படி

இரவு எண்பது சதவீதத்தோடு மூடி வைத்த லேப்டாப், காலையில் இருபதில் நிற்கிறது. பைக்குள் வைத்தால் சூடாகிறது. பேட்டரி போய்விட்டது என்று புதிது வாங்கக் கிளம்பும் முன் விண்டோஸ் 11-இல் இதைச் செய்து பாருங்கள். பல நேரம் பேட்டரி நன்றாகவே இருக்கும். ஏதோ ஒரு டிரைவர்தான், அதாவது ஒரு பாகத்தை இயக்கும் சிறு மென்பொருள்தான், மெஷினைத் தூங்க விடாமல் வைத்திருக்கும்.

பழைய லேப்டாப்புகளில் இருந்த எஸ்3 தூக்கத்தில் ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்ற பெரும்பாலான பாகங்கள் அணைந்துவிடும். இப்போது வருபவற்றில் பெரும்பாலும் மாடர்ன் ஸ்டாண்ட்பை. இதில் சிஸ்டம் அணைவதில்லை, எஸ்0 எனப்படும் இயங்கும் நிலையிலேயே மிகக் குறைந்த மின்சாரத்துக்கு இறங்குகிறது. அப்படி இறங்க வைஃபை, ஆடியோ, யூஎஸ்பி, எஸ்எஸ்டி என்று எல்லா டிரைவர்களும் தத்தம் பாகத்தைத் தூங்க வைக்க வேண்டும். ஒன்று விழித்திருந்தாலும் பிராசசர் ஆழ்ந்த நிலைக்குப் போகாது.

படி 1: உங்களுடையது எந்த வகை?

ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட் என்று தேடி, அதை ரைட் கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டி எழுத வேண்டும். ஓர் இடைவெளி விட்டு / போட்டு, ஒட்டியே ஏ. என்டர் தட்டினால் கிடைக்கும் பட்டியலின் மேல் பகுதியில் 'எஸ்0 லோ பவர் ஐடில்' இருந்தால் தொடருங்கள். எஸ்3 இருந்தால் கீழே வரும் அறிக்கை உங்களுக்கு உதவாது.

படி 2: அறிக்கை எடுங்கள்

சார்ஜரைக் கழற்றி, ஓர் இரவு முழுக்க லேப்டாப்பைத் தூங்க விடுங்கள். காலையில் அதே கமாண்டில் ஏ-வுக்குப் பதிலாக ஸ்லீப்ஸ்டடி என்று ஒரே சொல்லாக அடியுங்கள். ஓர் எச்டிஎம்எல் கோப்பு உருவாகும். அது எங்கே இருக்கிறது என்பதைத் திரையே சொல்லும். பிரௌசரில் திறங்கள். வேறெதுவும் சொல்லாவிட்டால் கடைசி 3 நாள் கணக்கு அதில் இருக்கும்.

படி 3: படிப்பது எப்படி

எல்லோரும் அவசரப்பட்டுத் தாண்டிப் போகும் இடம் இது. இங்கே பத்து நிமிடம் செலவழித்தால் எல்லா டிரைவரையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றும் வேலை மிச்சம்.

முந்தைய இரவின் வரிசையைக் கிளிக் செய்யுங்கள். 'லோ பவர் ஸ்டேட் டைம்' பகுதியில் எஸ்டபிள்யூ (மென்பொருள்), எச்டபிள்யூ (வன்பொருள்) என்று இரண்டு சதவீதங்கள் இருக்கும்; அந்தந்தப் பக்கம் எவ்வளவு நேரம் ஆழ்ந்து தூங்கியது என்பதுதான் அது. இரண்டும் தொண்ணூறுக்கு மேல் இருந்தால் தூக்கம் சரி. எஸ்டபிள்யூ குறைவாக இருந்தால் ஒரு டிரைவரோ மென்பொருளோ காரணம். எஸ்டபிள்யூ உயர்ந்து எச்டபிள்யூ மட்டும் குறைந்தால், சந்தேகம் பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்), சிப்செட் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) பக்கம் போக வேண்டும்.

பிறகு 'டாப் அஃபெண்டர்ஸ்' அட்டவணை. வகை 'ஆக்டிவேட்டர்' என்றிருந்தால் விண்டோஸ் அப்டேட் போன்ற மென்பொருள் வேலை. 'எஃப்எக்ஸ் டிவைஸ்' என்றிருந்தால் ஒரு பாகம், அதாவது அதன் டிரைவர். பெயர் புரியாத எழுத்துகளாக வரலாம்: எக்ஸ்எச்சி என்று முடிந்தால் பெரும்பாலும் யூஎஸ்பி கன்ட்ரோலர், எச்டிஏஎஸ் என்றால் ஆடியோ. உறுதி செய்ய டிவைஸ் மேனேஜரில் அந்தப் பாகத்தின் பிராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ் டேபில் 'பயாஸ் டிவைஸ் நேம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

படி 4: அந்த ஒன்றை மட்டும் சரி செய்யுங்கள்

யூஎஸ்பி என்றால் முதலில் மவுஸ் டாங்கிள், டாக், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றி ஓர் இரவு பாருங்கள். வைஃபை மேல் சந்தேகமென்றால் ஏரோபிளேன் மோட் போட்டுத் தூங்க விடுங்கள். பேட்டரி கரையாமல் நின்றால் விடை கிடைத்துவிட்டது.

டிரைவரை லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில், உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். சிப்செட் டிரைவர் முதலில், குற்றவாளி டிரைவர் அடுத்து. 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்' என்று வரும் மென்பொருள்களின் பக்கம் போகவே வேண்டாம். ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியதா? டிவைஸ் மேனேஜரில் டிரைவர் டேபுக்குப் போய் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். அது மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் கைவசம் இல்லை என்று பொருள். கம்பெனி பக்கத்திலிருந்து முந்தைய பதிப்பை எடுக்க வேண்டும்.

ஓர் இரவுக்கு ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது. ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) திருத்தி எஸ்3-ஐத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் வீடியோக்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயாஸில் எஸ்3 இல்லாத மெஷினில் அது பலிக்காது. சிலவற்றில் தூங்கியது எழாமலே போகும்.

படி 5: அதுவரை

சரியாகும் வரை கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், மூடியை மூடினால் 'ஹைபர்னேட்' ஆகும்படி வையுங்கள். ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு மெஷின் அணைந்துவிடும். எழ சில விநாடி கூடுதலாகும், ஆனால் பைக்குள் சூடாகாது. பயாஸைப் புதுப்பித்த பிறகும் எச்டபிள்யூ சதவீதம் ஏறவில்லையென்றால், வாரன்டி முடிவதற்குள் அந்த அறிக்கைக் கோப்போடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.