வெளிநாட்டுச் செய்தி எழுத வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் தமிழ்ப் பத்திரிகைகளின் சர்வதேசப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் அந்த வயதில் விட்ட பிழைகளையே விடுகிறார்கள். தலைவர்களின் பெயர், தலைநகரம் மாறிப்போவதையெல்லாம் ஆசிரியபீடம் பிடித்துவிடும். பிடிபடாமல் அச்சுக்குப் போகிறவைதான் ஆபத்து.

எல்லோரும் எழுதுவதை நாமும் எழுதுவது

"கடனைக் கட்ட முடியாததால் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனா எடுத்துக்கொண்டது." அண்மையிலும் ஒரு தம்பி இந்த வரியோடு வந்தார். "வெளிநாட்டுப் பத்திரிகையிலேயே இருக்குதே அண்ணா" என்றார். சரி, அந்த 1.12 பில்லியன் டொலர் எங்கே போனது என்று கேட்டேன். பதில் இல்லை.

எனக்கு இன்றும் கோபம் வருகிற வரி இது. 2017இல் சைனா மேர்ச்சன்ட்ஸ் போர்ட் நிறுவனம் துறைமுகத்தை 99 வருடக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்த பணம்தான் அந்த 1.12 பில்லியன். அதனால் துறைமுகக் கடன் ரத்தாகவில்லை. துறைமுகம் கட்டக் கடன் கொடுத்த சீன எக்ஸிம் வங்கிக்கு அரசாங்கம் தொடர்ந்து கட்ட வேண்டியிருந்தது. வந்த டொலர் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. அரசாங்கம் கடன் திரட்டச் சர்வதேசச் சந்தையில் விற்ற பிணைமுறிகளுக்கான கொடுப்பனவுகள் அப்போதே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியபோதும் அந்தக் கடனில் பிணைமுறிக்காரர்களின் பங்கு மிகப் பெரியது. துறைமுகக் கதையை மட்டும் வாசித்துவந்தவர், பெற்றோல் வரிசையில் நின்றபோது காரணம் புரியாமல்தான் நின்றார்.

குத்தகையைத் தாராளமாக விமர்சியுங்கள். நடக்காத பறிமுதலை எழுதாதீர்கள். என்னுடன் வேலை செய்த ஒருவர் இந்த ஒரு வரியால், வருடக்கணக்கில் தகவல் தந்த அதிகாரியை இழந்தார். அந்த மனிதர் அப்புறம் போனே எடுக்கவில்லை. இத்தனைக்கும் அந்த நிறுவனம் ஹொங்கொங் பங்குச் சந்தையில் இருக்கிறது. ஒப்பந்தம் பற்றிய அதன் அறிவித்தலை அங்கே யாரும் எடுத்து வாசிக்கலாம்.

கட்டுநாயக்கவை மறப்பது

2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி அறிவித்தது. பிறகு அது 20 ஆகக் குறைந்தது. 44 வீதம் அறிவித்த அன்று என் மேசைக்கு வந்த பிரதியில் நியூயோர்க் பங்குச் சந்தை நாலு பந்தி, நமது ஆடைத் தொழிற்சாலைகள் கடைசியில் ஒரு வரி. அமெரிக்கா நமது ஆடைகளுக்குப் பெரிய சந்தை. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் தைக்கும் பிள்ளைகளிடம் பேசிவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

"நேற்று"

கோடையில் வொஷிங்டனில் மாலை 4 மணி என்றால் நமக்கு அடுத்த நாள் அதிகாலை 1.30. "நேற்று" என்று எழுதாமல் திகதியைப் போடுங்கள்.

ரூபாய்

சென்னைச் செய்தியில் வருவது இந்திய ரூபாய். வெறும் "ரூபாய்" என்று விடாமல் "இந்திய ரூபாய்" என்றே எழுதுங்கள்.