அறங்காவலர்களின் தொழிற்பின்னணியை எழுதுவது எப்படி? வடசென்னையின் ஒரு சிறிய கிளினிக்கை முன்வைத்து

"உங்கள் அறங்காவலர்கள் யார், என்ன வேலை பார்த்தவர்கள்?" என்று நன்கொடையாளர் ஒருவர் கேட்ட பிறகுதான் பெரும்பாலான சிறிய மருத்துவ அறக்கட்டளைகள் அறங்காவலர் அறிமுகப் பக்கத்தை எழுத முனைகின்றன. தண்டையார்பேட்டை, இராயபுரம் பகுதிகளில் இதை எழுதிக் கொடுத்து வருபவன் என்ற முறையில், முதன்முறையாக எழுத அமர்பவருக்காக வரிசையாகச் சொல்கிறேன். முதியோருக்குச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இலவசமாக மாத்திரை கொடுக்கும், இரண்டே அறைகளும் ஐந்து அறங்காவலர்களும் கொண்ட ஒரு கிளினிக்கையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

முதல் படி: பெயர்களைப் பத்திரத்திலிருந்து எடுங்கள்

லெட்டர் பேடில் அச்சாகியிருக்கும் பெயர்களை நம்ப வேண்டாம்; விலகியவர்களும், சில நேரங்களில் காலமானவர்களும்கூட அதில் இருப்பார்கள். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரத்தையும், அதன்பின் அறங்காவலர் மாறியதற்கான தீர்மானங்களையும் சேர்த்துப் பாருங்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம் என்றால், நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது என்பதால், மாவட்டப் பதிவாளரிடம் கடைசியாகத் தாக்கல் செய்த பட்டியலே செல்லும். 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தில் 8ஆம் பிரிவின்கீழ் அமைந்த லாபநோக்கற்ற நிறுவனமாக இருந்தால், இயக்குநர்களின் பெயர்கள் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும்.

இரண்டாம் படி: நேரில் அமர்ந்து கேளுங்கள்

பயோடேட்டா அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்டால், பிறந்த நட்சத்திரம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அடங்கிய கல்யாண பயோடேட்டாதான் வரும். ஆகவே நேரில் போய், எந்த இடத்தில், எந்தப் பதவியில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, அன்றாடம் என்ன வேலை செய்தீர்கள் என்ற நான்கையும் கேளுங்கள். நான்காவது கேள்விக்கு வரும் பதில்தான் பக்கத்துக்கு உயிர் தரும்.

"ஸ்டான்லியில் இருந்தேன்" என்ற வாக்கியத்தை எங்கள் பகுதியில் அடிக்கடி கேட்கலாம். 1938இல் மருத்துவக் கல்லூரியான அந்த இடத்தைப் பழையவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்தது என்பதால் வந்த பெயர் அது. அங்கே "இருந்தேன்" என்பவர் படித்தவராகவும் இருக்கலாம், ஓராண்டு ஹவுஸ் சர்ஜனாக இருந்தவராகவும் இருக்கலாம், பேராசிரியராக ஓய்வு பெற்றவராகவும் இருக்கலாம், மருந்துக் கிடங்கில் கணக்கு எழுதியவராகவும் இருக்கலாம். மாத்திரை வாங்கிக் கொடுக்கும் கிளினிக்குக்குக் கடைசியாகச் சொன்னவர் பெரும் வரவு; ஆனால் அவரைப் பேராசிரியர் என்று வாசகர் எண்ணிக்கொள்ளும்படி எழுதிவிடக் கூடாது.

மூன்றாம் படி: சரிபாருங்கள்

மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும், செவிலியர் என்றால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில் பதிவையும், ஆடிட்டர் என்றால் பட்டயக் கணக்காளர் கழக உறுப்பினர் எண்ணையும், வழக்கறிஞர் என்றால் பார் கவுன்சில் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். நானும் ஒருமுறை கூச்சப்பட்டு, பெயருக்கு முன்னால் "டாக்டர்" போட்டுக்கொண்ட ஒருவரைக் கேட்காமலே மருத்துவர் என்று எழுதிவிட்டேன். அது கௌரவப் பட்டம் என்பது, முகாம் நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பாட்டி எக்ஸ்ரே கவரை அவரிடம் நீட்டியபோதுதான் தெரிந்தது. நோட்டீஸ் முழுவதையும் மறுபடி அச்சடித்தோம்.

நான்காம் படி: பட்டத்தை விட்டு வேலையை எழுதுங்கள்

இந்தக் கிளினிக்கின் பழைய பக்கத்தில் ஐவரில் மூவரை "சமூக சேவகர்" என்றே குறிப்பிட்டிருந்தார்கள். என் கணிப்பில், தன்விவரம் எழுதுபவர் சோம்பல்படும் இடமெல்லாம் வந்து உட்காரும் சொல் அது. அவர்களுள் ஒருவர் காசிமேட்டுப் பெண்மணி. "சமூக சேவகி, மகளிர் முன்னேற்றத்தில் ஆர்வமுடையவர்" என்றிருந்த வரியை நான் இப்படி மாற்றினேன்: "காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் விற்பவர். மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கையும் வங்கிக் கடனையும் ஒன்பது ஆண்டுகள் கவனித்தவர். கிளினிக்கின் மருந்துக் கொள்முதல் குழுவில் இருக்கிறார்." என்ன வேலை, அதனால் என்ன தெரியும், இங்கே எந்தப் பொறுப்பு என்பதை இதே வரிசையில், ஒருவருக்கு மூன்று நான்கு வாக்கியங்களுக்குள் எழுதினால் போதும்.

ஐவரையும் எழுதி முடித்தபின் ஒருசேரப் படித்துப் பாருங்கள். இங்கே நால்வர் மருத்துவம் சாராதவர்கள், ஒருவர் பிரசவ வார்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர். சர்க்கரை நோய் தெரிந்த மருத்துவர் ஒருவரும் இல்லை. அந்தக் குறையை அலங்காரச் சொற்களால் மறைக்காமல், மருத்துவ ஆலோசகர் யார் என்பதைத் தனி வரியில் எழுதினோம். கிளினிக் எண்ணூரிலோ மணலியிலோ இருந்தால், மூச்சுக்குழல் நோயும் தொழிற்சாலைப் புகையும் தெரிந்த ஒருவர் குழுவில் இருக்கிறாரா என்பதையே வாசகர் முதலில் தேடுவார்.

ஐந்தாம் படி: உறவையும் ஆதாயத்தையும் சொல்லிவிடுங்கள்

அறங்காவலர்களுள் கணவன் மனைவி, அண்ணன் தம்பி இருந்தால் குறிப்பிடுங்கள். ஒருவருக்கு மருந்துக் கடையோ பரிசோதனைக் கூடமோ சொந்தமாக இருந்து, கிளினிக் அங்கே வாங்குகிறது என்றால், அதை எழுதாமல் விடுவது பின்னால் பெரிய தலைவலியாகும். அறங்காவலருக்கு அறக்கட்டளையின் பணம் முறையற்ற ஆதாயமாகப் போனால் வருமான வரி விலக்கே கேள்விக்குள்ளாகும். ஆடிட்டர் ஒருவர் அறங்காவலராக இருப்பதில் தவறில்லை, ஆனால் அதே அறக்கட்டளையின் கணக்கை அவரே தணிக்கை செய்து கையெழுத்திட முடியாது என்பதால், தணிக்கை செய்பவர் வேறொருவர் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்

வீட்டு முகவரி, சொந்தக் கைபேசி எண், ஆதார், பான் எண் ஆகியவை பக்கத்தில் வேண்டாம். பக்கத்தின் அடியில் எந்த மாத நிலவரம் என்று தேதி போடுங்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் அவரவர் பத்தியை வாய்விட்டுப் படித்துக் காட்டி ஒப்புதல் பெற்று, அடுத்த கூட்டத்தின் மினிட்ஸில் பதிவு செய்யுங்கள்.

காசிமேட்டு அம்மாவிடம் நான் படித்துக் காட்டியபோது முதல் வாக்கியத்திலேயே கையை நீட்டித் தடுத்தார். "இன்னா தம்பி, மீன் விக்கிறவன்னு போட்டுட்ட? நான் ஏலம் எடுக்கிறவ" என்றார். விடியற்காலையில் படகு கரை சேர்ந்ததும் கூடைக்கு விலை கேட்டு, கைப்பணத்தைக் கட்டி எடுத்து, சில்லறை வியாபாரிகளுக்குப் பிரித்துக் கொடுப்பவர் அவர். அந்தச் சொல்லை மாற்றிய பிறகு, மருந்துக் கொள்முதல் குழுவில் அவர் ஏன் இருக்கிறார் என்று நன்கொடையாளர்கள் யாரும் கேட்கவில்லை.