போதலேரின் கடிகாரக் கவிதையைப் பிரெஞ்சு சிந்த்-பாப் சிங்கிளாக அமைப்பது எப்படி?

பிரெஞ்சுக் கவிஞர் ஷார்ல் போதலேரின் ‘தீமையின் மலர்கள்’ என்னும் கவிதைத் தொகுப்பு 1861ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பாக வந்தபோது, கடிகாரத்தைப் பற்றிய 24 அடிக் கவிதையொன்று அதில் புதிதாகச் சேர்ந்தது. 1988இல் பிரெஞ்சுப் பாடகி மிலேன் ஃபார்மேர் தம் இரண்டாம் ஆல்பத்தை இக்கவிதையைப் பாடியே தொடங்கினார். இசை லோரான் பூத்தொனாவுடையது. அதைக் கேட்ட பிறகு, இதே கவிதைக்கு எனக்கென ஒரு சிந்த்-பாப் (சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியை மையமாகக் கொண்ட பாப் இசை) மெட்டு அமைக்க வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை. அதை முடிப்பதற்குள் நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். இசை மென்பொருளில் சுரங்களை வரையவும் குரலைப் பதியவும் நீங்கள் அறிவீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

போதலேர் 1867இல் மறைந்தவர் என்பதால் மூலக் கவிதைக்குக் காப்புரிமைத் தடை இல்லை. பிற்கால மொழிபெயர்ப்புகளுக்கும் பூத்தொனாவின் மெட்டுக்கும் அவ்வாறு சொல்ல முடியாது; அவற்றைத் தொடாதீர்கள்.

படி 1: வேகத்தைக் கவிதையிடமே கேளுங்கள்

நொடி என்பது மணிக்கு 3600 முறை நம் காதில் கிசுகிசுக்கிறது என்கிறது ஒன்பதாம் அடி. அதாவது நிமிடத்துக்கு 60 முறை. பாட்டின் வேகத்தை 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு) என்று வைத்தால், ஒவ்வொரு பாரிலும் (நான்கு தட்டு கொண்ட அலகு) முதல் தட்டிலும் மூன்றாம் தட்டிலும் விழும் ‘டிக்’ ஒலி உண்மையான கடிகாரத்தோடு ஒத்துப்போகும். நடன இசைக்கும் இந்த வேகம் நன்றாகப் பொருந்துகிறது.

படி 2: அசைகளை எண்ணுங்கள்

நான் இரண்டு வாரம் சிக்கிக்கொண்ட இடம் இது. கவிதையின் ஒவ்வோர் அடியும் 12 அசை கொண்டது. ஆறாம் அசைக்குப் பின் ஒரு நிறுத்தம் உண்டு. நானோ இன்றைய பாரிஸ் பேச்சு உச்சரிப்பைக் கேட்டு எண்ணியதால், ஒன்பதாம் அடியில் எனக்குப் பத்து அசைகளே கிடைத்தன. மெட்டில் இரண்டு சுரங்கள் சொல்லின்றி நின்றன. பிழை மெட்டில் இருக்கிறது என்று எண்ணி அதையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தேன். உண்மையில், பேச்சில் விழுங்கப்படும் சொல்லிறுதி ‘எ’ ஒலி செய்யுளில் உயிரோடு இருக்கிறது என்பதை நான் அறியாததே காரணம்.

விதி மூன்று பகுதி கொண்டது. அந்த ‘எ’க்குப் பின் மெய்யொலி வந்தால் அது தனி அசை, உயிரொலி வந்தால் மறைந்துவிடும், அடியின் இறுதியில் நின்றால் கணக்கில் சேராது. நமக்கு இது முற்றிலும் அந்நியமானதன்று. ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்’ என்ற நன்னூல் விதியால் வண்டு, ஆடும் ஆகிய இரண்டும் ‘வண்டாடும்’ ஆவதை நினைத்துக்கொண்டால் நடுவிலுள்ள பகுதி உடனே பிடிபடும்.

கவிதையின் முதலடியிலேயே மூன்று நிலைகளும் இருக்கின்றன:

ஓர் – லோ – ஜெ – தியூ – ஸி – நிஸ் | த்ரெ – ஃப்ரெ – யான் – அன் – பா – ஸிப்ல்

கடிகாரம் என்னும் முதற்சொல்லின் ‘ஜெ’ ஒலிக்கிறது. ‘ஸினிஸ்த்ர்’ என்பதன் ஈற்று ‘எ’ அடுத்த சொல்லின் உயிரில் கரைகிறது. கடைசிச் சொல்லின் ‘எ’ எண்ணப்படவில்லை. (மூக்கொலி உயிர்களைத் தமிழ் எழுத்து முழுமையாகக் காட்டாது; ஒரு பிரெஞ்சுக்காரர் வாசித்த ஒலிப்பதிவையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.) இனி ஒன்பதாம் அடி:

த்ருவா – மி – லெ – ஸி – ஸான் – ஃபுவா | பா – ரோ – ரெ – லா – ஸெ – கோந்த்

நான் தொலைத்த இரண்டும் ‘லெ’, ‘ரெ’ என்பவையே. 24 அடிகளையும் இப்படிக் கையால் தாளில் பிரித்து எழுதிய பிறகே மென்பொருளைத் திறவுங்கள்.

படி 3: மெட்டு

அசைக்கு அரைத் தட்டு என்று கொண்டால் ஆறு அசைகள் மூன்று தட்டில் முடிந்து, நான்காம் தட்டு மூச்சுக்குக் கிடைக்கிறது. அரையடி ஒரு பார், ஓரடி நான்கு நொடி, கவிதை முழுவதும் 96 நொடி. ‘ஸூவியன் துவா’ (நினைவில் கொள்) என்னும் மூன்று அசைச் சொல்லைப் பல்லவியாக்கி, எட்டு அடிக்கு ஒருமுறை 16 நொடி பாட விட்டேன். முன்னிசையும் இடையிசையும் சேர்ந்து பாட்டு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது.

படி 4: ஒலிகள்

நான் ரீப்பர் என்ற இசை மென்பொருளையும், இலவசமாகக் கிடைக்கும் சர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்தையும் (மென்பொருள் சிந்தசைசர்) பயன்படுத்துகிறேன். தொடக்கத்தில் பணம் கொடுத்து வேறெதையும் வாங்க வேண்டியதில்லை. பேஸுக்கு (கீழ்ச்சுருதி இசைக்கு) ரம்ப அலை (saw), அரைத் தட்டுக்கு ஒரு சுரம். ‘டிக்’ ஒலிக்குக் கோயில் மணி போன்ற கனத்த ஓசையைப் பலர் தேர்ந்தெடுப்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நொடியை அடுத்துப் பேசும் ‘இப்போது’ என்பதன் குரலைப் பூச்சியின் குரல் என்றே கவிஞர் சொல்கிறார். ஆகவே இரைச்சல் ஒலியை மிகக் குறுகலாக வெட்டி, கீழ் அலைவரிசைகளை நீக்கி, மெல்லிய கீச்சொலியாக வையுங்கள்.

படி 5: உலோகத் தொண்டை

பதின்மூன்றாம் அடியில் கடிகாரம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் லத்தீனிலும் ‘நினைவில் கொள்’ என்கிறது; அடுத்த அடியில், தன் உலோகத் தொண்டை எல்லா மொழிகளையும் பேசும் என்கிறது. வோகோடருக்கு (மனிதக் குரலைச் சிந்தின் ஒலியில் பேசவைக்கும் கருவி) இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. இந்த இரண்டு அடிகளுக்கும் பல்லவிக்கும் மட்டும் அதை வையுங்கள். பாட்டு முழுவதும் வைத்தால் அந்த இடத்தின் வலிமை போய்விடும். குரல் பேசும் நேரத்தில் சிந்திலும் சுரம் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லையேல் எதுவும் கேட்காது. மெய்யொலிகள் மங்கினால், அசல் குரலின் மேல் அலைவரிசைகளை மட்டும் சிறிது கலந்துகொள்ளுங்கள்.

படி 6: முடிவு

காலம் கடந்துவிட்டது என்று கவிதை முடிகிறது. கடைசி அசையோடு ‘டிக்’ ஒலியையும் சட்டென நிறுத்துங்கள். மெல்ல மங்கவிட வேண்டாம்.

பிற்சேர்க்கை: பதின்மூன்றாம் அடியில் 13 அசை வருகிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘ப்ரோதிக்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கும் ‘எஸ்தோ’ என்ற லத்தீன் சொல்லுக்கும் இடையே ஆச்சரியக்குறி இருப்பதால் அங்கே நிறுத்தத் தோன்றும். ஆனால் செய்யுட்கணக்கு நிறுத்தக்குறியைப் பார்ப்பதில்லை, மொழி மாறுவதையும் பார்ப்பதில்லை. பின்னே உயிரொலி வருவதால் ‘எ’ மறைகிறது. ப்ரோ – தி – கெஸ் – தோ – மெ – மோர் என்று ஆறாகப் பாடுங்கள். வோகோடரின் சுரத்தையும் ‘கெஸ்’ஸில் வெட்டாமல் நீட்டிவிட்டால் இணைப்பு காதுக்கு உறுத்தாது.