பாதி விலை பென்டோ வாங்குவது எப்படி?
ஜப்பானின் கியோட்டோவில் தனியறை எடுத்துப் படிக்கிறேன். இரவுச் சாப்பாடு சூப்பர்மார்க்கெட் தயவில்தான். மாலையில் பென்டோ எனப்படும் சாப்பாட்டு டப்பாக்களில் 20 சதவீதத் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கடை மூடும் நேரம் நெருங்கினால் பாதி விலை. ஒட்டுபவரின் முதுகுக்குப் பின்னாலேயே நிற்காதீர்கள், பார்க்க நன்றாயிருக்காது. தயிர் வாங்க வந்தவர் போலப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் நகர்ந்ததும் எடுக்கலாம். கொரொக்கே என்ற உருளைக்கிழங்கு கட்லெட்டை மைக்ரோவேவில் வைத்தால் நமுத்துவிடும், டோஸ்டரில் சூடாக்கினால் மொறுமொறுப்பு திரும்பும். சுஷியை அன்றிரவே முடித்துவிடுங்கள்.

உணவு விரயத்தைக் குறைக்க 2019இல் சட்டமே வந்தது, சரி. ஆனால் அந்த அலமாரி முன்னால் நான் பார்ப்பது, கறுப்புக் கோட்டோடு வேலை நேர்காணல் முடிந்து வரும் சீனியர் மாணவர்களையும் ஓய்வூதியத்தை எண்ணிச் செலவழிக்கும் பாட்டிகளையும்தான். இவர்களுக்கு எந்தச் சட்டம்? கடைசி டப்பாவுக்குப் பாட்டி கை நீட்டினால் விட்டுவிடுங்கள். நமக்கு உடோன் நூடுல்ஸ் பாக்கெட்டும் ஒரு முட்டையும் போதும்.