குடியுரிமை பெற்ற பின் முதல் அமெரிக்கக் கடவுச்சீட்டு: டிஎஸ்-11 படிவத்தை நிரப்பும் முறை

குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாளில் கிரீன் கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த நேரம் முதல் நீங்கள் அமெரிக்கக் குடிமக்களில் ஒருவர்; ஆனால் வெளிநாடு சென்று திரும்புவதற்கான ஆவணம் எதுவும் உங்களிடம் இல்லை. பழைய இந்தியக் கடவுச்சீட்டில் இன்னும் சில ஆண்டுகள் மீதமிருந்தாலும் அதைக் கொண்டு பயணம் செய்யக் கூடாது. வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்றவரின் இந்தியக் குடியுரிமை, 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி தானாகவே முடிந்துவிடுகிறது. ஆகவே ஊருக்குப் போகும் தேதியை முடிவு செய்வதற்கு முன்பே கடவுச்சீட்டு விண்ணப்பத்தைக் கவனிப்பது நல்லது.

விண்ணப்ப வேலை உறுதிமொழி நடக்கும் அரங்கிலேயே தொடங்கிவிடுகிறது. சான்றிதழைக் கையில் வாங்கியதும் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும், பிறந்த தேதியையும், முந்தைய நாட்டின் பெயரையும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கிருந்து கிளம்பும் முன்பே அலுவலரிடம் சொல்லிவிட வேண்டும். என் மாமியாரின் சான்றிதழில் பிறந்த நாளும் மாதமும் இடம் மாறி அச்சாகியிருந்ததை, வீட்டுக்கு வந்து கடவுச்சீட்டுப் படிவத்தை நிரப்பும்போதுதான் கண்டோம். அதன் பிறகு என்-565 என்ற படிவத்தின் வழியே திருத்தம் கேட்டு, மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. அவருடைய தம்பி மகளின் திருமணத்துக்கு அவரால் போக முடியவில்லை. அரங்கில் இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

முதல் முறை விண்ணப்பிப்பவருக்குரிய படிவம் டிஎஸ்-11. வெளியுறவுத் துறையின் இணையதளத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. படிவத்தை நிரப்பித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் தனியார் தளங்கள் தேவையே இல்லை. கணினியில் நிரப்பி அச்சிடலாம், அல்லது கறுப்பு மையால் கையால் எழுதலாம். கணினியில் நிரப்புவதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் நம்முடைய நீண்ட பெயர்களைக் கையெழுத்தில் படிப்பவர் ஓர் எழுத்தை மாற்றிப் படித்தாலும் தொல்லை நமக்குத்தான். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, வீட்டில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அலுவலர் முன்னிலையில், அவர் சொன்ன பிறகே கையெழுத்திட வேண்டும்.

படிவத்தில் தமிழர்களை அதிகம் தடுமாற வைப்பது பெயர்ப் பகுதி. நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்துக்கொள்கிறோம், அல்லது தந்தையின் முழுப் பெயரையும் பின்னால் சேர்த்துக்கொள்கிறோம். முத்துக்குமார் என்பவரின் தந்தை சண்முகம் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவர் எஸ். முத்துக்குமார், இந்தியக் கடவுச்சீட்டில் இரண்டு பெயர்களும் ஒரே கட்டத்தில் சேர்ந்து, குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்திருக்கலாம், அதனால் விசாவில் முதற்பெயருக்குப் பதிலாக ‘எஃப்என்யூ’ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்றெழுத்து வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். இத்தனை வடிவங்களில் எதை எழுதுவது என்ற குழப்பத்துக்கு ஒரே விடை, குடியுரிமைச் சான்றிதழில் உள்ள பெயரை எழுதுவதுதான். குடியுரிமை கேட்டுக் கொடுக்கும் என்-400 விண்ணப்பத்தின்போது பெயர் மாற்றம் கேட்டு, நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்து, புதிய பெயரிலேயே சான்றிதழ் பெற்றிருந்தால் அந்தப் புதிய பெயரே உங்கள் பெயர். சான்றிதழ் பெற்ற பின் திருமணத்தால் பெயர் மாறியிருந்தால், திருமணச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இன்னும் என்-400 கட்டத்திலேயே இருப்பவர்கள், பெயரை ஒழுங்குபடுத்திக்கொள்ள அதைவிட எளிய வாய்ப்பு பின்னர் வராது என்பதை மனத்தில் வையுங்கள்.

பழைய வடிவங்களை எழுத வேறிடம் இருக்கிறது. இதுவரை பயன்படுத்திய மற்றப் பெயர்கள் என்று படிவம் கேட்கும் இடத்தில், திருமணத்துக்கு முந்தைய பெயர், சட்டப்படி மாற்றப்பட்ட பழைய பெயர் ஆகியவற்றைத் தயங்காமல் எழுதுங்கள். அதைப் போலவே பெற்றோர் பகுதியில், அவர்கள் பிறந்தபோது இருந்த குடும்பப் பெயர் கேட்கப்படுகிறது. அம்மாவின் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயரை எழுதிப் பழகிய நாம் இங்கே தவறிவிடுகிறோம். அம்மாவின் தந்தை பெயர்தான் அங்கே வர வேண்டும். பெற்றோரின் பிறந்த தேதி உண்மையிலேயே தெரியாதென்றால், ஆங்கிலத்தில் ‘அன்நோன்’ என்று எழுதுவதே நேர்மை. பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் போட்ட தேதியை வைத்தே வாழ்ந்த தலைமுறை அவர்களுடையது. ஊகித்து ஒரு தேதியைப் புதிதாக உண்டாக்க வேண்டாம்.

தேதிகளை எழுதும்போது மாதம் முதலில், நாள் அடுத்து, ஆண்டு கடைசியில் வரும். ஜூலை 4 என்பது 07/04. நாளை முதலில் எழுதிப் பழகிய கை, பன்னிரண்டுக்குட்பட்ட நாட்களில் பிறந்தவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத பிழையைச் செய்துவிடும். பிறந்த இடத்தில் நகரத்தையும், நாட்டின் இன்றைய பெயரையும் எழுத வேண்டும். பிறப்புச் சான்றிதழில் சிலோன் என்று இருந்தாலும் படிவத்தில் இலங்கை என்றே வரும்.

சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கட்டாயம் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் விண்ணப்பம் தாமதமாகவோ மறுக்கப்படவோ கூடும், 500 டாலர் அபராதத்துக்கும் சட்டத்தில் இடமுண்டு. உயரம், முடி நிறம், தொழில், அவசரத் தொடர்பு போன்றவை தாமே விளங்கும்.

இணைக்க வேண்டியவற்றில் முதன்மையானது குடியுரிமைச் சான்றிதழின் அசல். அதனுடன் நகல் ஒன்றும் வேண்டும். அனுமதியின்றி நகலெடுப்பது தண்டனைக்குரியது என்று சான்றிதழிலேயே அச்சிட்டிருப்பதால் பலர் அஞ்சுகிறார்கள். கடவுச்சீட்டு போன்ற சட்டபூர்வமான தேவைக்கு நகலெடுப்பதில் தடையில்லை. அந்த நகலைக் கேட்பதே அரசுதான். நகல் வெள்ளைத் தாளில், கறுப்பு வெள்ளையில், ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். அடையாளத்துக்கு ஓட்டுநர் உரிமத்தையும், அதன் முன்பின் இரு பக்கங்களின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். உரிமம் வேறு மாநிலத்தில் பெற்றதாக இருந்தால் கூடுதல் அடையாள ஆவணம் ஒன்றும் கையில் இருப்பது நல்லது. புகைப்படம் இரண்டு அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி, கடந்த ஆறு மாதங்களுக்குள் எடுத்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டே எடுக்க வேண்டும்.

பெரியவர்களுக்கான கடவுச்சீட்டுப் புத்தகத்துக்குக் கட்டணம் 130 டாலர், விண்ணப்பத்தைப் பெறும் இடத்துக்கு 35 டாலர். இவை இரண்டும் தனித்தனியாகச் செலுத்த வேண்டியவை. முதலாவதை வெளியுறவுத் துறையின் பெயருக்குக் காசோலையாகவோ மணி ஆர்டராகவோ எடுத்து, அதன் குறிப்பு வரியில் விண்ணப்பதாரரின் முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதுங்கள். விரைவாக வேண்டுமென்றால் கூடுதலாக 60 டாலர். இன்னும் 30 டாலர் கொடுத்தால் கடவுச்சீட்டு அட்டை ஒன்றும் கிடைக்கும். வெளிநாட்டு விமானப் பயணத்துக்கு அது உதவாது என்றாலும், குடியுரிமைக்கான சான்றைப் பணப்பையில் வைத்துக்கொள்ள அதைவிட வசதியானது இல்லை என்பதால் நான் எப்போதும் அதையும் சேர்த்தே விண்ணப்பிக்கச் சொல்கிறேன்.

டிஎஸ்-11 படிவத்தை அஞ்சலில் அனுப்ப முடியாது. அஞ்சல் நிலையம், மாவட்ட எழுத்தர் அலுவலகம், சில பொது நூலகங்கள் ஆகியவற்றில் நேரில் கொடுக்க வேண்டும். பல இடங்களில் முன்பதிவு தேவைப்படும். பயணத்துக்கு 14 நாட்களுக்கும் குறைவாகவே இருந்தால், கடவுச்சீட்டு முகமையில் நேரில் வரும் சந்திப்புக்கு முயல வேண்டும்.

உங்களுடன் வசிக்கும், கிரீன் கார்டு உள்ள, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் உங்கள் உறுதிமொழியால் பெரும்பாலும் குடியுரிமை பெற்றுவிடுகிறார்கள்; 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறையிலுள்ள சட்டம் இதற்கு வழி செய்கிறது. அவர்களுக்கெனத் தனிச் சான்றிதழ் இல்லாததால், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அதன் கிரீன் கார்டு, பெற்றோரின் திருமணச் சான்றிதழ், உங்கள் குடியுரிமைச் சான்றிதழ் ஆகியவற்றைக் கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். 16 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோர் இருவரும் உடன் வர வேண்டும். ஒருவரால் வர இயலாவிட்டால் அவர் நோட்டரி முன் கையெழுத்திட்ட டிஎஸ்-3053 ஒப்புதல் படிவம் தேவை.

கடவுச்சீட்டு முதலில் வரும். சான்றிதழ் தனி உறையில், சில சமயம் நான்கு வாரம் வரை தாமதித்து வரும். சான்றிதழ் தொலைந்துவிட்டதோ என்று பதற வேண்டாம், ஆனால் வந்து சேரும் வரை அஞ்சல் பெட்டியைத் தினமும் பார்த்துவிடுங்கள். கடவுச்சீட்டில் அச்சுப் பிழை இருந்தால் டிஎஸ்-5504 படிவத்தின் மூலம் திருத்தலாம். பிழை இல்லையென்றால் அதற்குரிய இடத்தில் கையெழுத்திட்டு, சான்றிதழைப் பத்திரமான இடத்தில் வைத்துவிடுங்கள். பத்தாண்டு கழித்துப் புதுப்பிக்கும்போது டிஎஸ்-82 படிவமும் இந்தக் கடவுச்சீட்டும் போதும். சான்றிதழை மீண்டும் வெளியே எடுத்து அனுப்ப வேண்டியிருக்காது.