சிறிய பெட்ரோல் காருக்கு எஞ்சின் ஆயில் தேர்ந்தெடுப்பது எப்படி?

எஞ்சின் ஆயில் வாங்கக் கடைக்குப் போகும் முன், காரோடு வந்த கையேட்டை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது டாஷ்போர்டு அறைக்குள் பாலிதீன் உறை கூடப் பிரிக்கப்படாமல் கிடக்கும். அதன் கடைசிப் பக்கங்களில், எந்தெந்தத் திரவம் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்ற அட்டவணை இருக்கும். அதில் மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்: ஆயிலின் கிரேடு, அது நிறைவு செய்ய வேண்டிய தர அளவுகோல், ஃபில்டரையும் சேர்த்து மாற்றும்போது தேவைப்படும் அளவு. கையேடு தொலைந்துபோயிருந்தால் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து பெரும்பாலும் தரவிறக்கிக்கொள்ளலாம். பல கார்களில் ஆயில் ஊற்றும் மூடியின் மேலேயே கிரேடு பொறிக்கப்பட்டிருக்கும். இந்த மூன்றும் கையில் இருந்தால், கடைக்காரர் எதை எடுத்து நீட்டினாலும் அது நமக்கானதா இல்லையா என்று நாமே முடிவு செய்யலாம்.

1000 முதல் 1200 சிசி வரையிலான ஹேட்ச்பேக் கார்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இவற்றில் சில ஆண்டுகளுக்கு முன் வந்தவை பலவற்றுக்கு 5டபிள்யூ-30 பரிந்துரைக்கப்பட்டது. அண்மைக் காலத்தில் வருபவை பலவற்றுக்கு 0டபிள்யூ-20 பரிந்துரைக்கப்படுகிறது. இந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ‘டபிள்யூ’ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. பலரும் நினைப்பதுபோல எடையைக் குறிப்பதன்று. அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் எஞ்சின் சுழல்வதற்கு ஆயில் எவ்வளவு இடம்கொடுக்கும் என்பதைக் காட்டுகிறது. 0டபிள்யூ ஆயில் மைனஸ் 35 டிகிரி செல்சியஸிலும், 5டபிள்யூ மைனஸ் 30 டிகிரியிலும், 20டபிள்யூ மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கப்படுகின்றன. பின்னால் உள்ள எண், எஞ்சின் நன்றாகச் சூடேறிய நிலையில், அதாவது 100 டிகிரியில், ஆயிலுக்கு எஞ்சியிருக்கும் கெட்டித்தன்மையைச் சொல்கிறது. பாகுத்தன்மையை அளக்கும் சென்டிஸ்டோக்ஸ் அலகில் 20 கிரேடு 6.9-இலிருந்து 9.3-க்குள்ளும், 30 கிரேடு 9.3-இலிருந்து 12.5-க்குள்ளும், 40 கிரேடு 12.5-இலிருந்து 16.3-க்குள்ளும், 50 கிரேடு 16.3-இலிருந்து 21.9-க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது வாகனப் பொறியாளர்களின் சங்கமான எஸ்ஏஇ அமைப்பின் வரையறை. பனியே விழாத நம் சமவெளி ஊர்களில் முதல் எண்ணைவிட இரண்டாவது எண்ணே முதன்மையானது. 0டபிள்யூ-வுக்கும் 5டபிள்யூ-வுக்கும் உள்ள வேறுபாட்டை மதுரையிலோ திருச்சியிலோ உணர முடியாது. 30-க்கும் 50-க்கும் உள்ள வேறுபாட்டை எஞ்சின் ஒவ்வொரு நாளும் உணரும்.

நம் ஊரில் மிகப் பரவலாக இருக்கும் ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். “நம்ம வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும்” என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் எஞ்சினுக்குள் ஆயில் சந்திக்கும் வெப்பம் வெளியில் அடிக்கும் வெயிலைப் பொறுத்ததன்று. கூலன்ட்டும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து எஞ்சினை 90 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வைத்திருக்கின்றன. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயில் பொதுவாக 90 முதல் 110 டிகிரி வரையில் இயங்குகிறது. வேலூரில் மே மாதத்தில் அடிக்கும் 42 டிகிரி வெயில் நமக்குத்தான் கொதிப்பு. ஆயிலைப் பொறுத்தவரை அதுவும் குளிர்நிலைதான். ஒரு சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் ஏறத்தாழ 10 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும். அதே ஆயில் 40 டிகிரியில் 60-ஐ ஒட்டி இருக்கும். ஆக, கோடைக் காலையில் சாவியைத் திருப்பும் நேரத்தில்கூட, அது வேலை செய்ய வேண்டிய நிலையைவிடப் பல மடங்கு கெட்டியாகவே இருக்கிறது. 20டபிள்யூ-50 என்றால் 40 டிகிரியில் 150-ஐத் தாண்டிவிடும். எஞ்சினின் தேய்மானத்தில் பெரும்பங்கு ஆயில் எல்லா மூலைக்கும் போய்ச் சேராத தொடக்க நேரத்தில்தான் நிகழ்கிறது என்பதால், தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலை ஊற்றுவது பாதுகாப்பைக் கூட்டுவதற்குப் பதிலாகத் தாமதப்படுத்துகிறது.

ஆயில் கெட்டியாக இருந்தால் அழுத்தம் கூடும் என்பது உண்மை. ஆனால் அழுத்தம் கூடுவதும் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்வதும் ஒன்றல்ல. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் பம்ப்பில் உள்ள விடுவிப்பு வால்வு திறந்து, மேலே போக வேண்டிய ஆயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஃபில்டரில் உள்ள மாற்றுவழி வால்வும் அவ்வாறே திறந்துகொள்ள நேர்ந்தால், வடிகட்டப்படாத ஆயில் எஞ்சினுக்குள் சுற்றும். இன்றைய சிறிய எஞ்சின்களில் பேரிங்குக்கும் அது தாங்கும் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் இடையிலான இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றியமைக்கும் அமைப்பும் பெரும்பாலான கார்களில் நுண்ணிய துளைகளின் வழியே வரும் ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. இவை அனைத்தும் ஒரு குறிப்பிட்ட பாகுத்தன்மையை எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டவை.

எனக்கே இந்த அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், கையேட்டில் 5டபிள்யூ-30 என்று தெளிவாகப் போட்டிருந்த எங்கள் ஒரு லிட்டர் காரில், வீட்டுக்கு அருகிலிருந்த பட்டறையில் 20டபிள்யூ-50 ஊற்றிவிட்டார்கள். நான் அருகில் நின்றிருந்தும் கேட்கவில்லை. அதன் பிறகு காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வால்வுப் பகுதியிலிருந்து ஒரு தட்டும் ஓசை சில நொடிகள் கேட்கத் தொடங்கியது. வண்டியும் முன்போல் இலகுவாக இழுக்கவில்லை. அந்த ஆயிலை வடித்துவிட்டுச் சரியான கிரேடை ஊற்றிய மறுநாளே ஓசை நின்றுவிட்டது. அந்த மெக்கானிக்கின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் தொழில் கற்ற காலத்தில் ஓடியவை அம்பாசடர் போன்ற கார்பரேட்டர் வண்டிகள். அவற்றுக்குக் கெட்டியான ஆயிலே பொருத்தமாக இருந்தது. எஞ்சின்கள் மாறிவிட்டன என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

கெட்டியான கிரேடுக்கு மாறுவது ஒருபோதும் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. பல கையேடுகள் ஒரே கிரேடை மட்டும் சொல்லாமல், வெளி வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடுகளைப் பட்டையாக வரைந்து காட்டியிருக்கும். ஒரு லட்சம் கிலோமீட்டரை வெகுவாகத் தாண்டி, ஒழுக்கு எதுவும் இல்லாமலேயே இரண்டு சர்வீஸ்களுக்கு இடையில் ஆயில் கணிசமாகக் குறைந்து, புகைக்குழாயில் நீலப்புகையும் தென்படும் எஞ்சினுக்கு, அந்தப் பட்டைக்குள் அடங்கும் ஒரு படி மேலான கிரேடை, அதாவது 30-க்குப் பதிலாக 40-ஐ, முயன்று பார்க்கலாம். அது தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளைச் சரிசெய்யாது; குறையும் வேகத்தை மட்டுமே சற்றுத் தணிக்கும். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியில் கையேட்டை மீறாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது தர அளவுகோல். டப்பாவின் பின்புறம் வட்ட வடிவ முத்திரையிலோ எழுத்திலோ ‘ஏபிஐ’ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) என்று இருக்கும். அதையடுத்து வரும் இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். பெட்ரோல் எஞ்சினுக்கான வகைகள் ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கும். அடுத்த எழுத்து ஆங்கில அகரவரிசையில் எவ்வளவு பின்னால் வருகிறதோ அவ்வளவு புதிய தரம். எஸ்எல் 2001-லும், எஸ்எம் 2004-லும், எஸ்என் 2010-லும், எஸ்பி 2020-லும் வந்தன. புதிய தரம் பழைய தரத்தின் இடத்தை நிரப்பும். எஸ்எல் கேட்கும் பழைய காரில் அதே கிரேடில் எஸ்பி ஊற்றலாம். எஸ்பி கேட்கும் காரில் எஸ்எல் ஊற்றக் கூடாது. டர்போவும் நேரடி எரிபொருள் பாய்ச்சலும் கொண்ட ஒரு லிட்டர் எஞ்சின் உங்களுடையது என்றால் இதில் சிறிதும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அத்தகைய எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் அதிக பளு ஏறும்போது, தீப்பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கக்கூடிய ஒரு சிக்கல் உண்டு. ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம் சார்ந்த சுத்திகரிப்புப் பொருள்கள் அதைத் தூண்டுவதாகக் கண்டறியப்பட்ட பிறகே, கலவை மாற்றப்பட்டு எஸ்பி தரம் வகுக்கப்பட்டது. எஸ்பி டைமிங் செயினின் தேய்மானத்தையும் கணக்கில் கொள்கிறது. ஐரோப்பிய நிறுவனங்களின் கார்களுக்கு ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கத்தின் ‘ஏசிஇஏ’ வகையோ நிறுவனத்தின் சொந்த ஒப்புதல் எண்ணோ கேட்கப்பட்டிருக்கும். அந்த எண் டப்பாவில் அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

மினரலா (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுத்ததா), ஃபுல் சிந்தெடிக்கா (வேதிமுறையில் மேம்படுத்தியதா), செமி சிந்தெடிக்கா (இரண்டும் கலந்ததா) என்ற கேள்விக்குக் கொடுக்கப்படும் முக்கியத்துவம் சற்று மிகையானது. 0டபிள்யூ-20 எடுத்தால் அது பெரும்பாலும் சிந்தெடிக்காகவே இருக்கும். அவ்வளவு மெல்லிய ஆயிலை, எளிதில் ஆவியாகாமலும் தரம் குன்றாமலும், சாதாரண மினரல் அடிப்படை எண்ணெயைக் கொண்டு தயாரிப்பது கடினம். சிந்தெடிக் ஆயில் வெப்பத்தில் மெதுவாகவே கெடும், கசடு குறைவாகவே படியும் என்பது உண்மை. நெரிசலில் நாள்தோறும் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அந்தக் கூடுதல் விலை தகும். ஆனால் தவறான கிரேடில் விலையுயர்ந்த சிந்தெடிக்கை ஊற்றுவதைவிட, சரியான கிரேடிலும் தரத்திலும் உள்ள செமி சிந்தெடிக்கை உரிய காலத்தில் மாற்றுவதே மேல்.

வீட்டில் இருக்கும் வேறு ஆயிலை ஊற்றிச் சமாளிக்கவும் வேண்டாம். பைக் ஆயிலில் உள்ள ‘ஜாசோ எம்ஏ’ என்ற ஜப்பானியத் தரக் குறி, அது ஆயிலிலேயே மூழ்கி இயங்கும் கிளட்சுக்காகத் தயாரிக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. காரின் சிக்கனத்துக்கான உராய்வுக் குறைப்புப் பொருள்கள் அதில் எதிர்பார்க்க முடியாதவை. கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றினாலோ கிளட்ச் வழுக்கக்கூடும். ‘சி’ எழுத்துத் தரம் மட்டும் கொண்ட டீசல் ஆயில்களில் பாஸ்பரஸ் கூடுதலாக இருக்கலாம். அது நாளடைவில் பெட்ரோல் காரின் புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். வழியில் ஆயில் குறைந்துவிட்டால், அதே கிரேடும் தரமும் கொண்ட வேறு நிறுவன ஆயிலைத் தயங்காமல் ஊற்றலாம். அவை ஒன்றோடொன்று கலக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது விதி. தனியாக விற்கப்படும் கூடுதல் கலவைகள் எதுவும் தேவையில்லை.

போலி ஆயில் நம் சந்தையில் உண்மையான ஆபத்து. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமோ, பெட்ரோல் பங்க்கிலோ, நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ பில்லோடு வாங்குங்கள். மூடியின் சீல், தயாரிப்பு மாதம், தொகுதி எண் ஆகியவை அழியாமல் தெளிவாக உள்ளனவா என்று பாருங்கள்; கியூஆர் குறி இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள். பட்டறையில் மாற்றுவதானால் டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவைத் துளையிட்டோ வெட்டியோ விட்டு வருவது, அது மீண்டும் நிரப்பப்படுவதைத் தடுக்கும். சிறிய கார்களுக்கென்றே 3 லிட்டர், 3.5 லிட்டர் டப்பாக்கள் கிடைப்பதால், பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் ஆயிலை நாட வேண்டிய தேவையும் இல்லை.

எப்போது மாற்றுவது என்பதற்கும் கையேடே விடை சொல்லும். பல சிறிய பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அது. இதில் ‘ஓராண்டு’ என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பள்ளிக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் இரண்டிரண்டு கிலோமீட்டர் ஓடும் கார் ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டரைக்கூடத் தொடாது. ஆனால் எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால், எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. நெடுஞ்சாலையில் 10,000 ஓடிய ஆயிலைவிட இது மோசமான நிலையில் இருக்கக்கூடும். இத்தகைய ஓட்டத்தையும் புழுதிச் சாலையையும் கடும் பயன்பாடு என்று வகைப்படுத்தி, அதற்கெனக் குறுகிய இடைவெளியைப் பல கையேடுகள் தருகின்றன. ஆயில் கறுத்துப்போவது மட்டும் அது கெட்டுவிட்டதற்கான அடையாளமன்று. கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்வதும் அதன் வேலைதான். பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கலாம். அப்போது வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

மாற்றும்போது ஃபில்டரையும், வடிகால் போல்ட்டின் வாஷரையும் சேர்த்தே மாற்றுங்கள். கையேடு சொல்லும் அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, சமதளத்தில் நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து, ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். பிறகு சிறிது சிறிதாகச் சேர்த்து மேல் குறியை ஒட்டி நிறுத்துங்கள். மேல் குறியை வெகுவாகத் தாண்டினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரைக்கச் செய்யும்; நுரைத்த ஆயிலால் பேரிங்கைத் தாங்க முடியாது. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், காலி டப்பாவில் அடைத்து, பழைய ஆயிலைச் சேகரிக்கும் பட்டறையிடம் ஒப்படையுங்கள். கடைசியாக, ஊற்றிய ஆயிலின் கிரேடு, தரம், தேதி, ஓடோமீட்டர் எண் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கையேட்டுக்குள் செருகிவையுங்கள். அடுத்த முறை யார் பானட்டைத் திறந்தாலும் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு டப்பாவைத் திறக்கட்டும்.